மகனுக்கு 2 வயது 8 மாதம், 15 சொல்தான் வருகிறது. தமிழை நிறுத்தச் சொல்கிறார்கள்

செங்காங்_அம்மா
ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். இத்தனை நாளாகப் படித்துவிட்டு மட்டும் போகிறவள் நான். இன்று தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மகனுக்கு 2 வயது 8 மாதம். அவன் பேசும் சொற்களை எண்ணிப் பார்த்தேன், 15 தேறுகிறது. அம்மா, பஸ், நோ, தா, போ, கார், இப்படி. ‘பா’ என்றால் அப்பா, பாட்டி, பால் மூன்றும்தான். எது என்று முகத்தைப் பார்த்து நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். மின்தூக்கியில் ஏறினால் ‘மே’ என்பான், மேலே போகணுமாம். கீழே போவதற்கும் அதே ‘மே’தான். இரண்டு சொல்லைச் சேர்த்து இதுவரை சொன்னதில்லை.

போன வாரம் பாலர் பள்ளியில் கூப்பிட்டுப் பேசினார்கள். இரண்டு மொழி அவனைக் குழப்புகிறது, வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசிப் பாருங்கள் என்றார் ஆசிரியை. அக்கறையோடுதான் சொன்னார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளி அரைநாள்தான். மதியம் மாமியார் போய் அழைத்து வருவார், நான் வேலை முடிந்து வர 7 மணி ஆகிவிடும். அவருக்குத் தமிழ் தவிர வேறு எதுவும் தெரியாது.

கணவர் விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டார். ‘நான் பேசித்தான் பிள்ளைக்குப் பேச்சு வரலையாமே’ என்று ஒரே ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். நேற்று வீட்டுக்குள் நுழைந்தால், கைப்பேசியில் ஆங்கிலப் பாட்டு ஓடுகிறது, இவன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசாமல் கீரை ஆய்கிறார். கீரையைக் கையில் எடுத்தால் வாய் ஓயாத மனுஷி அவர்.

தமிழை நிறுத்தினால் பேச்சு வருமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய_சிராங்கூன்
திங்கள், காலை 6.05

அம்மாடி, கவலைப்படாதே. ஆம்பளைப் பிள்ளை தாமதமாகத்தான் பேசும். என் மூத்தவன் நாலு வயது வரை வாயே திறக்கவில்லை, இன்றைக்கு நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதில்லை. வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவு. தேக்காவில் எந்த நாட்டு மருந்துக் கடையில் கேட்டாலும் கிடைக்கும். எங்கள் அம்மா எங்கள் எல்லாருக்கும் தடவியிருக்கிறார்.

---

பேச்சுத்துணை
திங்கள், மதியம் 1.15

நான் பேச்சு, மொழி சிகிச்சையாளர். பிள்ளையை நேரில் பார்க்காமல் ‘இதுதான்’ என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. பொதுவான சில விஷயங்கள் மட்டும்.

முதலில் பழைய_சிராங்கூன் தாத்தாவுக்கு. ஐயா, கோபிக்காதீர்கள். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் ஒரு துளிகூடக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் வித்து பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும், அதனால் தசைகள் தளர்ந்து மூச்சே தடைபடலாம். இந்தப் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான், சரி. ஆனால் இதைப் படிக்கிற வேறொருவர் வீட்டில் ஆறு மாதக் குழந்தை இருக்கும். வசம்பிலும் அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அது விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், வசம்பை உணவில் சேர்க்கக்கூடாது என்று அமெரிக்கா 1968லேயே தடை போட்டது. அப்புறம், பேச்சு பிறப்பது நாக்கில் இல்லை. நாக்கு கடைசியில் வந்து வேலை செய்கிற கூலி ஆள், அவ்வளவுதான்.

‘ஆம்பளைப் பிள்ளை தாமதம்’ என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. சராசரியாகப் பையன்கள் சில மாதங்கள் பின்னால் இருப்பார்கள். ஆனால் 2 வயதில் ஏறக்குறைய 50 சொல் பேசுவதும், ‘அம்மா வா’, ‘பந்து போச்சு’ என்று இரண்டைச் சேர்ப்பதும் பையனுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக எதிர்பார்ப்பது. தாமதமாகப் பேசுகிறவர்களில் பலர் தாமாகவே எட்டிப் பிடித்துவிடுவார்கள், தாத்தாவின் மூத்த மகனைப் போல. எட்டிப் பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால்தான் காத்திருக்க வேண்டாம் என்கிறோம்.

இனி முக்கியமான கேள்வி. தமிழை நிறுத்த வேண்டாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. ஏற்கெனவே மொழிக் குறைபாடோ ஆட்டிசமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி கற்கிறார்கள், அதனால் அவர்களுடைய நிலைமை மோசமாவதில்லை. ‘அம்மா, மில்க் வேணும்’ என்று கலந்து பேசுவதும் குழப்பம் இல்லை. கையில் இருக்கிற சொல்லை எடுத்து வேலையை முடித்துக்கொள்கிறான். சிங்கப்பூரில் நாம் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம்?

அந்த 15 சொல்லை மறுபடி எண்ணுங்கள். இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். ‘தண்ணி’ ஒன்று, ‘வாட்டர்’ ஒன்று. நாயைப் பார்த்து எப்போதும் ‘லொள்’ என்றால் அதுவும் சொல்தான். முழுசாக உச்சரிக்க வேண்டியதில்லை. உங்கள் ‘மே’ சொல்தான்.

சில கேள்விகள்: பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறானா? வானத்தில் விமானம் போனால் ‘பார், பார்’ என்று உங்களுக்குக் காட்டுகிறானா? கையால் காட்டாமல் ‘செருப்பை எடுத்துட்டு வா’ என்று வாயால் மட்டும் சொன்னால் எடுத்து வருகிறானா? அடிக்கடி சளி பிடிக்குமா? காது பரிசோதனை எப்போது செய்தீர்கள்?

---

பாசிர்_ரிஸ்_அப்பா
திங்கள், இரவு 9.40

மேலே சொன்னதற்கு மரியாதையோடு ஒரு மறுப்பு. எங்கள் பெண்ணுக்கும் இதே கதை. 3 வயதில் தமிழை நிறுத்தினோம், ஆங்கிலம் மட்டும். நாலு மாதத்தில் வாக்கியம் வந்துவிட்டது. ஆராய்ச்சி என்ன சொல்கிறதோ, என் வீட்டில் நடந்தது இது.

---

பேச்சுத்துணை
திங்கள், இரவு 10.10

நடந்ததை நான் மறுக்கவில்லை சார். அந்த நாலு மாதத்தில் வீட்டில் வேறு என்னவெல்லாம் மாறியது?

---

பாசிர்_ரிஸ்_அப்பா
திங்கள், இரவு 10.55

மனைவியிடம் கேட்டேன். தொலைக்காட்சியை மூட்டை கட்டியது அப்போதுதான். தினமும் இரவில் அரைமணி நேரம் நான் அவளோடு தரையில் உட்கார்ந்து விளையாட ஆரம்பித்ததும் அப்போதுதான். வாரம் ஒரு நாள் சிகிச்சையும் இருந்தது.

சரி, புரிகிறது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நானும் மனைவியும் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள். எங்களுக்கு அது இயல்பு.

---

பேச்சுத்துணை
திங்கள், இரவு 11.05

அப்படியென்றால் உங்கள் வீட்டுக்கு அது பொருந்தும். எந்த மொழியில் நீங்கள் யோசிக்காமல் கொஞ்சவும் திட்டவும் கதை விடவும் முடியுமோ, அந்த மொழியில்தான் பிள்ளையிடம் பேச வேண்டும். செங்காங் அம்மா வீட்டில் பகல் முழுக்க அப்படிப் பேசக்கூடியவர் பாட்டி ஒருவர்தான். அவரை மௌனமாக்கிவிட்டு அந்த இடத்தில் கைப்பேசியை வைத்தால் நஷ்டம் யாருக்கு? 18 மாதம் முதல் 6 வயது வரை திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள சுகாதார அமைச்சின் வழிகாட்டி. அந்தப் பாட்டுக் காணொளி இவன் ‘மே’ என்றால் பதில் சொல்லாது, பாட்டி சொல்வார்.

---

முத்தமிழ்_மைந்தன்
செவ்வாய், காலை 8.30

இதனால்தான் 2010ல் 3.3 விழுக்காடாக இருந்த, சிங்கப்பூரில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோரின் பங்கு 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 2.5 விழுக்காடாக இறங்கிவிட்டது. ஏப்ரலில் மட்டும் தமிழ்மொழி விழா கொண்டாடினால் போதாது. ஒவ்வொரு தாயும் உறுதி எடுக்க வேண்டும்.

---

செங்காங்_அம்மா
செவ்வாய், மதியம் 12.50

மன்னிக்கவும், கணக்கெடுப்புக்காக என் பிள்ளை பேச வேண்டாம். அவன் எந்த மொழியில் ‘பசிக்குது’ என்று சொன்னாலும் எனக்குப் போதும்.

பேச்சுத்துணை அக்கா, உங்கள் கேள்விகளுக்குப் பதில். சுட்டிக் காட்டுவான், விமானத்தையும் காட்டுவான். அம்மா வந்தால் சிரித்துக்கொண்டு ஓடி வருவான். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் சில நாள் திரும்புவான், சில நாள் நாலு தடவை கத்த வேண்டும். விளையாட்டு மும்முரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். செருப்பு விஷயத்தை நேற்று செய்து பார்த்தேன். கண்ணால்கூடக் காட்டாமல் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். வயிற்றைப் பிசைந்தது.

சளி மாதம் ஒரு முறை. பிறந்தபோது காது பரிசோதனையில் ‘பாஸ்’.

---

பேச்சுத்துணை
செவ்வாய், இரவு 9.15

பிறந்தபோது பாஸ் என்றால் அன்றைக்குக் காது கேட்டது என்று அர்த்தம். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. நீச்சல்குளத்தில் தலை முழுகிக் கேட்கிற மாதிரி ஒரு மந்தம், அதுவும் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். ‘சில நாள் திரும்புவான், சில நாள் மாட்டான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி எனக்கு உறுத்துகிறது. முதலில் காதைப் பார்த்துவிடுங்கள்.

---

இரண்டாம்_மாடி
புதன், இரவு 12.30

நான் இந்தச் சாலையில் ஆறு வருடமாக நடப்பவன். மகனுக்கு இப்போது 9 வயது, வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு, டிஎல்டி என்பார்கள். நூற்றுக்கு ஏழு பிள்ளைகளுக்கு இருக்கிறதாம். ஆனாலும் ஆட்டிசம், டிஸ்லெக்சியா என்றால் தலையாட்டுகிறவர்கள் இதைச் சொன்னால் ‘அது என்ன?’ என்கிறார்கள்.

வழி சொல்கிறேன். நேராகத் தனியார் சிகிச்சைக்குப் போய்விடாதீர்கள், எங்களைப் போல. ஒரு மணி நேரத்துக்கு 160 வெள்ளி என்று எட்டு மாதம் கட்டினோம். பலதுறை மருந்தகத்துக்குப் போய்க் குழந்தையின் சுகாதாரக் கையேட்டைக் காட்டி, கேகே மருத்துவமனையின் குழந்தை வளர்ச்சிப் பிரிவுக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் பிரிவுக்கோ பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். மருந்தகத்தின் வழியாகப் போனால் மானியக் கட்டணம். அங்கே மதிப்பிட்ட பிறகு, தேவை அதிகம் என்றால், உடற்குறையுள்ளோருக்கு உதவும் எஸ்ஜி எனேபல் அமைப்பின் வழியாக ‘ஈப்பிக்’ நிலையத்தில், அதாவது சிறு பிள்ளைகளுக்கு முன்கூட்டியே பயிற்சி தரும் நிலையத்தில், இடம் கேட்பார்கள். தேவை லேசானது என்றால் பாலர் பள்ளியிலேயே வந்து உதவுகிற திட்டம் இருக்கிறது. ஈப்பிக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. அரசாங்கத்தின் பேபி போனஸ் திட்டத்தில் வரும் குழந்தை மேம்பாட்டுக் கணக்கிலிருந்தும் கட்டலாம்.

காத்திருப்பு நீளும். எங்களுக்கு முதல் சந்திப்புக்கே ஐந்து மாதம் கழித்துத்தான் தேதி கொடுத்தார்கள். ரத்தாகிற இடம் கிடைக்குமா என்று வாரம் ஒரு முறை தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தேன், மூன்றாவது வாரம் கிடைத்தது. வெட்கப்படாமல் கேளுங்கள்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது தமிழில் அவன் என்ன சொல்கிறான், என்ன புரிகிறது என்று எழுதி எடுத்துப் போங்கள். முடிந்தால் பாட்டியோடு விளையாடுவதை இரண்டு நிமிடக் காணொளியாக எடுங்கள். எங்களுக்குக் கிடைத்த சிகிச்சையாளர் நல்லவர், ஆனால் தமிழ் தெரியாது. பட அட்டையைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டார், மகன் விழித்தான். அதே படத்தை மனைவி ‘எது பறக்கும்?’ என்று தமிழில் கேட்டதும் பட்டென்று காகத்தைத் தொட்டான். அன்றைக்கு அவர் தன் குறிப்பைத் திருத்தி எழுதியதைப் பார்த்தேன். இரண்டு மொழியிலும் பிடி இல்லாவிட்டால்தான் குறைபாடு என்று பிறகு விளக்கினார். ஒன்றில் மட்டும் தடுமாறினால், அந்த மொழி போதுமான அளவு காதில் விழவில்லை என்றுதான் அர்த்தமாம். எங்கள் மகனுக்குத் தமிழிலும் தடுமாற்றம் இருந்தது, அதனால்தான் டிஎல்டி. அது வேறு கதை.

---

அரைவாக்கியம்
புதன், இரவு 10.20

தலைப்பை விட்டு விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் திக்குவாய். 34 வயது. பள்ளியில் தினமும் காலையில் தேசிய உறுதிமொழியை எல்லாரோடும் சேர்ந்து சொல்வேன், ஒரு எழுத்துகூடத் திக்காது. கூட்டமாகச் சொல்லும்போது திக்கு மறைந்துவிடும், பாடும்போதும் அப்படித்தான். வகுப்புக்குள் போய் ‘வந்தேன்’ சொல்ல ‘வ’வில் மாட்டி நிற்பேன். அதனால் ஆசிரியர்கள் நான் நடிக்கிறேன் என்று நினைத்தார்கள். தேசிய சேவையில் பேரைக் கேட்டால் என் பேரையே மாற்றிச் சொன்ன நாள் உண்டு. சொந்தப் பேரைத்தான் மாற்றுச் சொல் போட்டுத் தப்பிக்க முடியாது.

எனக்குச் சொல்லப்பட்டவை: மெதுவாப் பேசு. மூச்சை இழுத்துவிட்டுப் பேசு. யோசிச்சுப் பேசு. வாயில் கூழாங்கல் போட்டுப் பேசு (இது ஒரு பெரியப்பா). எதுவும் உதவவில்லை. யாராவது கண்ணை எடுக்காமல், வாக்கியத்தை எனக்காக முடித்துவைக்காமல் காத்திருந்தால் அது உதவியது. அப்படிக் காத்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

---

ஜூரோங்_மல்லி
புதன், இரவு 10.48

அண்ணா, இதைப் படித்து அழுதேவிட்டேன். என் பெண்ணுக்கு 4 வயது, ஏழு மாதமாக ‘நா நா நா நான்’ என்கிறாள். நானும் ‘மெதுவாச் சொல்லும்மா’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளும் தொடக்கப்பள்ளியில் தமிழ் வாய்மொழித் தேர்வு வரை போக வேண்டுமே என்று பயமாக இருக்கிறது.

---

பேச்சுத்துணை
வியாழன், மதியம் 1.30

மல்லி, 2 முதல் 5 வயதுக்குள் திக்கு ஆரம்பிப்பதுதான் வழக்கம். பெரும்பாலானவர்களுக்குப் போய்விடும், பெண் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாகப் போகும். ஆனால் ஆறு மாதம் தாண்டினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, பேசும்போது கண்ணை இறுக்குவதோ பேச்சைத் தவிர்ப்பதோ தெரிந்தாலோ காத்திருக்கக் கூடாது. இந்த வயதுக்கு ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கம்ப் முறை இருக்கிறது. சிகிச்சையாளர் பெற்றோருக்குக் கற்றுத்தர, பெற்றோர் தினமும் வீட்டில் செய்வது. ‘மெதுவாச் சொல்’ என்று சொல்வதை விட்டுவிட்டு, உங்கள் பேச்சை நீங்கள் மெதுவாக்குங்கள்.

தேர்வைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். அந்த நேரம் வரை இருந்தால், மருத்துவ அறிக்கையோடு பள்ளி மூலமாகத் தேர்வில் சிறப்பு ஏற்பாடு கேட்கலாம்.

செங்காங் அம்மா, இது உங்கள் மாமியாருக்கு. நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

பாட்டிம்மா, நீங்கள் கீரை ஆயும்போது வாய் ஓயாமல் பேசுவீர்களாம். அதைத்தான் நாங்கள் பெற்றோருக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறோம். கை செய்வதை வாய் சொல்வது. ‘கிள்ளுறேன். காம்பு. தூக்கிப் போடு. ஐயோ பூச்சி!’ நீளமாக வேண்டாம், சின்னச் சின்னதாக. பேரனை எதிரே உட்கார வையுங்கள், அவன் உங்கள் வாயைப் பார்க்கணும்.

‘இது என்ன? இது என்ன?’ என்று பரீட்சை வைக்காதீர்கள். அவன் ‘மே’ என்றால் நீங்கள் ‘மேல போலாம்’ என்று ஒரே ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள். ‘திரும்பச் சொல்லு பார்ப்போம்’ என்று அவனை வற்புறுத்த வேண்டாம், காதில் விழுந்தால் போதும்.

முறுக்கு டப்பாவை இறுக்க மூடி அவன் கையில் கொடுங்கள். திறக்க வராது, உங்களைப் பார்ப்பான். உடனே திறந்துவிடாதீர்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பாட்டிகளுக்கு இதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும். அவன் ‘தா’ என்றாலும் சரி, டப்பாவைத் தட்டினாலும் சரி, ‘திற! பாட்டி, திற!’ என்று சொல்லிக்கொண்டே திறங்கள். அழவைக்க வேண்டாம், ஏங்கவைத்தால் போதும்.

---

பழைய_சிராங்கூன்
வியாழன், மாலை 5.10

தேன் சங்கதி எனக்குத் தெரியாதம்மா. மருமகளிடம் சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் பேத்தி பிறக்கிறாள். ஆனால் பத்து வரை எண்ணுவது நடக்கிற காரியம் இல்லை. எந்தத் தாத்தாவாலும் முடியாது.

---

செங்காங்_அம்மா
ஏழு வாரம் கழித்து, சனி, இரவு 10.05

கேட்டவர்களுக்கு ஒரு தகவல். இரண்டு காதிலும் நீர். மூன்று மாதம் பொறுத்துப் பார்ப்போம், பெரும்பாலும் தானாக வற்றிவிடும், இல்லையென்றால் சின்னக் குழாய் வைப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றார் மருத்துவர். எல்லாவற்றுக்கும் காதுதான் காரணமா என்று கேட்டேன். அப்படிச் சொல்லிவிட முடியாது, பேச்சு மதிப்பீட்டை ஒத்திப்போடாதீர்கள் என்றார். அது அடுத்த மாதம் 14ஆம் தேதி. வாரா வாரம் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தேன், இரண்டாம்_மாடி அண்ணாவுக்கு நன்றி.

பள்ளிக்குப் போய் விளக்கினேன். ஆசிரியை அவனை இப்போது தன் பக்கத்தில், முன்வரிசையில் உட்கார வைக்கிறார்.

அக்கா எழுதியதை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். பதில் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அலுவலகத்திலிருந்து வந்தால் கதவுக்கு வெளியே கேட்கிறது, ‘ஐயோ பூச்சி!’ பூச்சியே இல்லாத முளைக்கீரையில் பூச்சி தேடிக்கொண்டிருக்கிறார்கள் இரண்டு பேரும்.

சொல் இப்போது 31. எண்ணுவதை நிறுத்தச் சொல்லிக் கணவர் திட்டுகிறார். புதன்கிழமை மின்தூக்கியில் எட்டாவது மாடியிலிருந்து இறங்கும்போது ‘கீ’ என்றான். நான் ‘கீழ போலாம்’ என்றேன். கூட இறங்கிய சீனப் பாட்டிக்கு என்ன புரிந்ததோ, கை தட்டினார்.

இரண்டு சொல் சேர்ப்பது இன்னும் வரவில்லை. ‘பாட்டி திற’ என்று மாமியார் சத்தியம் செய்கிறார், நான் என் காதால் கேட்கவில்லை.

---

பேச்சுத்துணை
சனி, இரவு 10.40

இரண்டாம்_மாடி சொன்ன அந்தக் காணொளியை எடுத்து வையுங்கள், 14ஆம் தேதிக்குத் தேவைப்படும்.

---

செங்காங்_அம்மா
சனி, இரவு 10.52

கைப்பேசியைத் தூக்கினால் மாமியார் பேச்சை நிறுத்திவிட்டுத் தலையைச் சரிசெய்துகொள்கிறார் அக்கா. ஒளிந்து நின்றுதான் எடுக்க வேண்டும்.